ஆவுடையின் அடுப்புத் தட்டு

பிச்சம்மாள் வளவில் பால் பொங்கி வழியாமல் நின்ற நாற்பத்தோரு நாட்களைப் பற்றிப் பாளையங்கோட்டைப் பக்கம் இன்றைக்கும் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். சாமி குற்றம் என்பார்கள், கேஸ் கோளாறு என்பார்கள், தண்ணீர் கலக்காத பால் அப்படித்தான் மரியாதையாக நிற்கும் என்று பால்காரர் மட்டும் மார்தட்டிக்கொள்வார். ஆனால் எல்லாருடைய கதையும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும், ஆவுடைச்செல்வி வீட்டு கேஸ் அடுப்பில் வலது பக்கத்துப் பர்னருக்கு அடியில் உட்கார்ந்திருந்த ஒரு சாண் அகலத் தட்டுக்கு.

வளவு என்றால் இந்தப் பக்கம் ஆறு வீடு, அந்தப் பக்கம் ஐந்து வீடு, நடுவில் ஒரு குழாய், குழாயடியில் உலகத்து விவகாரம் அத்தனையும். கடைசி வீட்டில் ஆவுடை பத்தொன்பது வருஷமாக வாடகைக்கு இருந்தாள். அவள் வீட்டுத் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம் என்று எல்லாரும் சொல்வார்கள், ஆனால் சாப்பிட்டவர் ஒருவரும் கிடையாது, ஏனென்றால் அந்த வீட்டுக்குள் யாரும் போவதில்லை. "வாங்க, உள்ள வாங்க" என்று ஆவுடையின் வாய் சொல்லும்போதே அவள் கண் வந்தவர் காலைப் பார்க்கும். பார்க்கப்பட்ட கால் தானாகவே ஒரு அடி பின்னால் போகும். "இல்லக்கா, அடுப்புல வேல கெடக்கு" என்று சொல்லி, வாசற்படிக்கு வெளியே நின்றபடியே காப்பித்தூளோ கறிவேப்பிலையோ வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

இதில் பெரிய பாவப்பட்ட மனுஷன் அவள் புருஷன் சொரிமுத்துதான். பஸ் டெப்போவில் மெக்கானிக். கிரீஸ் என்பது அவருக்குக் கையில் ஒட்டியது இல்லை, கூடவே பிறந்தது. பின்வாசல் வழியாக வந்து, மண்ணெண்ணெய் போட்டு ஒரு தரம், சோப்புப் போட்டு இரண்டு தரம், எலுமிச்சந்தோல் போட்டு ஒரு தரம் கழுவி, கையை நீட்டிக் காட்டி, பாஸானால் பின்வாசலை ஒட்டிய பலகையில் உட்கார்ந்து சாப்பிடுவார். நகக்கண்ணில் கறுப்பு இருந்தால் அன்றைக்குப் பலகை அரை அடி வெளியே போகும். அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆவுடைக்கு அவர்மேல் உயிர். அழுக்கின்மேல் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் பகை, அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவளுக்கும் ஒரு தோல்வி இருந்தது. அந்த வலது பக்கத்துத் தட்டில், உள்ளங்கை அகலத்துக்கு, ஒரு கறுப்புக் கறை. வாராவாரம் தேய்ப்பாள், மேலே ஏறின புதுச் சனியன் போகும், அடியில் இருந்த பழைய சனியன் போகாது. பத்தொன்பது வருஷமாகப் போகாததால் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும்போது யாரும் பார்க்காத பக்கமாகத் திருப்பி வைக்கப் பழகியிருந்தாள். பர்னருக்கு அடியில் கிடப்பதை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

நாத்தனார் பார்ப்பாள். ஊர் முழுக்க விளக்குப் போட்டு வைத்தாலும் திரி எரியாத ஒரு மாடத்தை நாத்தனார் கண் கண்டுபிடித்துவிடும்.

சொரிமுத்துவின் அக்காள் உலகம்மாள் தென்காசியிலிருந்து கார்த்திகைக் கடைசியில் வந்தாள், நல்ல விஷயமாகத்தான். பதினோரு வருஷமாகக் கல்லு கல்லாக ஏறி வந்த சொந்த வீடு முல்லை நகர் விரிவில் ஒருவழியாக நிமிர்ந்து நின்றது. தை பன்னிரண்டாம் தேதி காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் பால் காய்ச்சலாம் என்று நாள் குறித்தார்கள். குறித்த கையோடு உலகம்மாள் காப்பி போட அடுப்படிக்குப் போனாள், பர்னரைத் தூக்கினாள், தட்டைப் பார்த்தாள்.

"ஏட்டி ஆவுடை, உன் கல்யாணத்துக்கு நான் வாங்கிக் குடுத்த அடுப்பா இது? தட்டப் பாத்தா சுடுகாட்டு மேடை மாதிரில்லா இருக்கு. இதையா புது வீட்டுக்குக் கொண்டு போகப் போற?"

ஆவுடை நாத்தனாரை பஸ் ஏற்றிவிட்டு வந்தாள், சேலையை இழுத்துச் செருகினாள், தட்டைக் கழற்றிக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்தாள்.

மூன்று நாள் தேய்த்தாள். முதல் நாள் கொதிதண்ணீரில் சோடா மாவைப் போட்டு ஊறவைத்து, தேங்காய்நார் போட்டுத் தேய்த்தாள். போன மாசத்துச் சாம்பாரும் அதற்கு முந்தின மாசத்துப் பருப்புத் தண்ணியும் சுருண்டு வந்தன. இரண்டாம் நாள் புளியும் கல்லுப்பும் போட்டு, கம்பி நாரால் தேய்த்தாள். அடை அடையாக, தட்டு தட்டாக, மரப்பட்டை உரிவதுபோல் வருஷங்கள் உரிந்தன, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வாசனை, பெரிய மகளுக்குக் காய்ச்சல் கண்ட வருஷத்து அரிசிக் கஞ்சி, சின்ன மகள் மடியில் பால் குடித்த நேரம் மறந்துபோய் அடுப்பில் தீய்ந்த ரசம். மூன்றாம் நாள் சொரிமுத்து டெப்போவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஒடிந்த ரம்ப பிளேடால் சுரண்டினாள். அடி மேல் அடி வைத்தால் அம்மியே நகரும்போது தட்டுக் கறை எம்மாத்திரம். மத்தியானம் மூன்று மணிக்கு எல்லாம் போய், தகரத்தோடு ஒட்டினாற்போல் ஒரே ஒரு மெல்லிய பழுப்பு மிஞ்சியது. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். பால் வாசனை.

ஆவுடைக்கு அது என்ன பால் என்று தெரிந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், இந்த வளவுக்குக் குடிவந்த அன்று காய்ச்சின பால். புது மணப்பெண் கூச்சத்தில், பொங்கி வழிந்த பாலைத் துடைக்கக்கூடக் கை எழாமல் நின்றிருந்தாள். பக்கத்தில் நின்ற சொரிமுத்து, அன்றைக்கு அவரை யாரும் பலகையில் உட்கார வைத்திருக்கவில்லை, "வழிஞ்சா நல்லதுளா" என்று காதோரம் சொல்லியிருந்தார். அதெல்லாம் நினைவுக்கு வந்தது. வந்தும், சுடுகாட்டு மேடை என்ற சொல் அதைவிடச் சத்தமாகக் காதில் கேட்டது. பிளேடை வைத்து ஒரே இழுப்பு.

தட்டு பளிச்சென்று முகம் காட்டியது. அந்த முகத்தைப் பார்த்து ஆவுடை உரக்கவே சொன்னாள்: "என் சொந்த வீட்டு அடுப்புல இனி ஒரு சொட்டு சிந்தாது, பாத்துக்க."

மறுநாள் மார்கழி பிறந்தது. காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஆவுடை குழாயடிக்குப் போனாள், அங்கே சண்டை சுவாரசியமாக இருந்ததால் பாலை மறந்தாள், அரைமணி கழித்து நினைவு வந்து ஓடிவந்தாள். பால் பாத்திரத்தின் விளிம்புக்கு மேல் நாலு விரல் உயரம் எழும்பி, மேலே ஆடை கட்டி, லேசாக இப்படியும் அப்படியும் அசைந்துகொண்டு, வழியாமல் நின்றது. ஆவுடை அடுப்பை அணைத்தாள். பால் சரி என்பதுபோல் மெதுவாகக் கீழே இறங்கியது. தட்டில் ஒரு சொட்டு இல்லை. ஆவுடை திருப்தியாகக் காப்பி கலந்தாள்.

அன்று சாயங்காலத்துக்குள் வளவின் பதினோரு வீட்டிலும் இதே கதை. மூன்றாம் வீட்டு ஜெபமணி டீச்சர் வீட்டில் பால் நின்றது, ஏழாம் வீட்டுக்காரி மைதீன் பாத்துவின் அடுப்பில் கஞ்சி நின்றது, முன்வாசலில் டீக்கடை வைத்திருந்த கடற்கரை என்பவனின் பெரிய சட்டியில் பால் ஒரு சின்னக் கோபுரமாகவே நின்றது. யாரும் பயப்படவில்லை. எதற்குப் பயப்பட வேண்டும்? குழாயில் தண்ணீர் வராமல் நின்றிருந்தால் பயப்பட்டிருப்பார்கள்.

மாறாக, வளவுப் பெண்களுக்குத் திடீரென்று பொழுது கிடைத்தது. அடுப்புக்கு முன்னால் காவல் நின்று கழித்த காலமெல்லாம் மொத்தமாகத் திரும்பி வந்ததுபோல் அவர்கள் நாடகத்தை முழுசாகப் பார்த்தார்கள், பூவை நெருக்கமாகக் கட்டினார்கள், பாதியில் விட்ட சண்டைகளை எடுத்து முறையாக முடித்தார்கள். ஜெபமணி டீச்சர் டியூஷன் பிள்ளைகளுக்கு இதை அறிவியலாக விளக்கப் பார்த்து, கரும்பலகையில் நாலு அம்புக்குறி போட்டு, ஐந்தாவது அம்புக்குறி எங்கே போகவேண்டும் என்று தெரியாமல், "சரி, தமிழ்ப் புத்தகத்த எடுங்க" என்றார். பக்கத்துத் தெருக்காரர்கள் மாலை நாலு மணிக்கு வந்து, நின்ற பாலைப் பார்த்து, குடித்துப் பார்த்து, "ருசியும் தேவலை" என்று போனார்கள். ஆவுடையிடம் தங்கள் வீட்டுத் தட்டுகளைக் கொண்டுவந்து, "ஒங்க கை ஒருதரம் பட்டாப் போதும்க்கா" என்று வாசற்படிக்கு வெளியே நின்றபடியே நீட்டினார்கள். அவளும் பெருமையாக வாங்கிக்கொண்டாள்.

வருத்தப்பட்டவை பூனைகள் மட்டும்தான். சிந்தின பாலை நம்பி அந்த வளவில் ஐந்து பூனைகள் குடித்தனம் நடத்தின. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பதினோராம் நாள் காலையில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக முன்வாசல் வழியே வெளியேறி, எதிர் வளவுக்குக் குடிபோயின. போகும்போது கடைசிப் பூனை மட்டும் ஆவுடை வீட்டைத் திரும்பிப் பார்த்தது என்று மைதீன் பாத்து சொல்வாள். அவள் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள்தான்.

தைப்பொங்கல் அன்றுதான் முதன்முதலாக வளவு பயந்தது. வழக்கம்போல் நடுவளவில் கோலம் போட்டு, மண்கட்டி அடுப்பு வைத்து, வரிசையாகப் பானைகள் ஏற்றினார்கள். எல்லாப் பானையிலும் நுரை எழும்பியது, கழுத்துக்கு வந்தது, விளிம்பைத் தாண்டியது, மஞ்சள்கொத்துக்கு மேலே எட்டிப் பார்த்தது, நின்றது. குலவைபோட வாயைக் குவித்த பெண்கள் குவித்தபடியே நின்றார்கள். சூரியன் வேப்பமர உச்சிக்கு வந்தபிறகு, பெண்களின் வாய் வலியைப் பார்க்கப் பொறுக்காமல் டீக்கடைக் கடற்கரை கரண்டியால் தன் வீட்டுப் பானையை ஒரு தட்டுத் தட்டிச் சரித்துவிட்டு, "பொங்கலோ பொங்கல்" என்று ஈனசுரத்தில் சொன்னான். மற்றவர்களும் அப்படியே சரித்தார்கள். அந்தப் பொங்கலுக்குத் தள்ளிவிட்ட பொங்கல் என்று பெயர் வந்துவிட்டது.

சேதி தென்காசிக்கு எட்டி, உலகம்மாள் போனில் கூப்பிட்டாள்.

"ஏட்டி, பொங்கல்னா அடுத்த வருசம் வரும். புது வீட்டுல பால் தானாப் பொங்கி வழியணும். தள்ளிவிட்ட பால்ல குடிபோனா அந்த வீட்டுல மனுசங்க ஒட்ட மாட்டாவ. வழியலன்னா அடுத்த முகூர்த்தம் வைகாசிக்குத்தான். வாடகை வீட்டையோ தை முடிய ஒழிச்சுத் தாரேன்னு சொல்லிட்டீய. ரெண்டுங்கெட்டானா நடுத்தெருவுல நிக்கணும், பாத்துக்க."

ஆவுடை போனை வைத்துவிட்டுத் தட்டைப் பார்த்தாள். அது அவளை அப்படியே திருப்பிக் காட்டியது. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு சுத்தமான பொருள்மேல் அவளுக்கு எரிச்சல் வந்தது. பதினோரு வருஷம் ஓவர்டைம் பார்த்த மனுஷனிடம் போய் என்னவென்று சொல்வது? நான் தேய்த்ததில் வீடு போயிற்று என்றா? சும்மா இருக்கமாட்டாமல் அன்றைக்கே பாலை வேண்டுமென்று தட்டில் ஊற்றித் தீயவிட்டுப் பார்த்தாள். கறுத்தது, உரிந்தது, துணி பட்டதும் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடிவிட்டது.

தை பன்னிரண்டு விடிந்தது. விடியுமுன் பருவம் தப்பின மழை ஒன்று பெய்து ஓய்ந்திருந்தது. முல்லை நகர் விரிவில் வீடுகள்தான் வந்திருந்தன, ரோடு வரவில்லை. சிவப்புக் களிமண் குழைந்து, காலை வைத்தால் செருப்பை வாங்கிக்கொண்டு காலை மட்டும் திருப்பிக் கொடுத்தது. வளவே வேன் பிடித்து வந்து இறங்கியது. அப்படியே வாசலில் நின்றது. உள்ளே முழுக்க வெள்ளை டைல்ஸ். முந்தின நாள் ஆவுடை மூன்று தரம் துடைத்திருந்தாள். வாசலில் ஒரு வாளி, ஒரு மக், ஒரு சாக்கு, அதற்குமேல் ஒரு ஈரத்துணி, அதற்குமேல் ஒரு காய்ந்த துணி.

"வாங்க, உள்ள வாங்க" என்றாள் ஆவுடை. கண் கால்களைப் பார்த்தது. முப்பது பேரின் அறுபது கால்களும் ஒரு அடி பின்னால் போயின.

"நீங்க மொதல்ல பாலக் காச்சுங்க ஆவுடை, நாங்க இங்கன நின்னே பாக்கோம். சன்னல் பெருசாத்தான் வச்சிருக்கீய" என்றார் ஜெபமணி டீச்சர்.

உள்ளே இருந்தது ஆவுடையும், விடியுமுன்னே வந்து இரண்டு வாளி தண்ணீர் விட்டுக் கால் கழுவிய உலகம்மாளும்தான். மகள்கள் இரண்டு பேரும்கூட வளவோடு வெளியேதான். ஆறு மணிக்கு ஆவுடை, வளவிலிருந்து கொண்டுவந்த அதே அடுப்பைப் பற்றவைத்தாள். ஆறு பத்துக்குப் பால் எழும்பியது. ஆறே காலுக்கு விளிம்பைத் தாண்டி நாலு விரல் நின்றது. ஆறரைக்கு ஒரு சாண். வற்றித் திரட்டுப்பால் ஆகிவிடக் கூடாது என்று உலகம்மாள் இன்னும் ஒரு செம்பு ஊற்றினாள், அதுவும் மேலே ஏறிக்கொண்டது. ஏழுக்கு ஒரு முழம். வெள்ளை வெளேரென்று, ஒரு கைக்குழந்தை உயரத்துக்கு, லேசாக இப்படியும் அப்படியும் அசைந்துகொண்டு, பால் நின்றது.

"எம்மா தாயே, எறங்கு" என்று உலகம்மாள் கைகூப்பினாள். "உனக்கு என்ன கொறை வச்சோம்? எறங்கு தாயே." சன்னலுக்கு வெளியே கடற்கரை பாலுக்குத் தைரியம் சொன்னான். மைதீன் பாத்து ஓதினாள், டீச்சர் ஜெபித்தார், எல்லாச் சாமிக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பம் போனது. மணி ஏழு இருபது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டதே என்று ஆவுடைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை நாத்தனாருக்குக் காட்டாமல் இருக்க முகத்தை வாசல் பக்கம் திருப்பினாள்.

வாசற்படியில் சொரிமுத்து நின்றார். சேற்றில் சிக்கின வேனைத் தள்ளிவிட்டு வந்திருந்தார். முழங்கால்வரை களிமண், கையில் கிரீஸ், புது வேட்டியில் இரண்டும். இந்த வீட்டுக்குக் கல் சுமந்தவர், கம்பி கட்டினவர், டைல்ஸ் ஒட்டி முடிந்த நாளிலிருந்து ஒருதரம்கூட உள்ளே கால் வைக்காதவர். ஒரு காலைத் தூக்கிப் படிமேல் கொண்டுவருவார், வெள்ளைத் தரையைப் பார்ப்பார், பின்னுக்கு இழுத்துக்கொள்வார். மறுபடி தூக்குவார், மறுபடி இழுப்பார். லேசாக இப்படியும் அப்படியும் அசைந்துகொண்டு நின்றார்.

ஆவுடை அவரைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். அட கூறுகெட்டவளே என்று தன்னையே மனசுக்குள் வைதாள். வாசலுக்குப் போய், வாளியை ஓரமாகத் தள்ளி, ஈரத்துணியையும் காய்ந்த துணியையும் சாக்கையும் சுருட்டி வெளியே எறிந்துவிட்டு, அவர் கையைப் பிடித்தாள். கிரீஸ் அவள் பட்டுச்சேலை முந்தியில் நன்றாக ஒட்டியது.

"வாங்க."

"காலெல்லாம் சேறு ஆவுடை."

"தெரியுது. வாங்க."

அவள் கண் அவர் முகத்தைப் பார்த்தது. பத்தொன்பது வருஷத்தில் அந்த மனுஷனுக்கு இரண்டு காதோரமும் நரைத்திருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சொரிமுத்து வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். ஐந்து விரலும் குதிங்காலும் வெள்ளை டைல்ஸில் செக்கச்செவேலென்று பதிந்தன. பொய் சொல்வானேன், ஆவுடைக்கு அடிவயிறு எரிந்தது. எரிந்தபடியே திரும்பி வெளியே நின்றவர்களைப் பார்த்துச் சொன்னாள்:

"எல்லாரும் வாங்க. கால் கழுவ வேண்டாம். கழுவிட்டு வந்தா எனக்குக் கோவம் வரும்."

வளவு ஒரு நிமிஷம் நம்பவில்லை. பிறகு மைதீன் பாத்து படியேறினாள், டீச்சர் ஏறினார், டீக்கடைக் கடற்கரை ஏறினான், பத்தொன்பது வருஷமாகப் படிக்கு வெளியே நின்ற அத்தனை கால்களும் ஏறி வந்தன. தலைக்கு மேல் போனபிறகு சாண் என்ன முழம் என்ன, கூடத்தில் சேறு, அறையில் சேறு, அடுப்படியில் சேறு, வழுக்கி விழாமல் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, சுவரில் கை ஊன்றிக்கொண்டு, முப்பது பேரும் அடுப்பைச் சுற்றி நெருக்கியடித்து நின்றபோது, மணி ஏழு இருபத்தெட்டுக்கு, பால் ஒருமுறை எட்டி எல்லாரையும் பார்த்ததுபோல் அசைந்தது. பிறகு வழிந்தது.

கிழக்கே வழிந்ததா வடக்கே வழிந்ததா என்று சகுனம் பார்க்க யாருக்கும் வாய்க்கவில்லை, நாலு பக்கமும் வழிந்தது. தட்டை நிரப்பி, மேடையை நிரப்பி, தரையில் இறங்கிச் சேற்றோடு கலந்து ஓடியது. பொங்கலிலிருந்து வாயில் குவிந்து கிடந்த குலவை அத்தனையும் ஒரே மூச்சில் கிளம்பியதில் பக்கத்து மனைக்காரர் என்னமோ ஏதோ என்று ஓடிவந்தார். அவரும் செருப்போடு உள்ளே வந்தார்.

ஆவுடை முதல் தம்ளர் பாலை ஆற்றிச் சொரிமுத்துவின் கழுவாத கையில் கொடுத்தாள். அவர் கூடத்தின் நடுவில், பலகை இல்லாமல், காலை நீட்டி உட்கார்ந்து குடித்தார்.

அடுப்படியில் தீய்கிற வாசனை எழுந்தது. தட்டில் வழிந்த பால் ஓரத்தில் பழுப்பேறத் தொடங்கியிருந்தது. உலகம்மாள் பதறிப்போய்த் துணியைத் தேடினாள்.

"ஏட்டி, சட்டுனு தொடச்சிரு. காஞ்சிட்டா அப்புறம் ஏழு சென்மத்துக்கும் போகாது."

"காயட்டும் மைனி" என்றாள் ஆவுடை.